யார் வீட்டுக் கசகசா

சாலை, திருவனந்தபுரம்
பிப்ரவரி 6

அன்புள்ள ஜெஸ்லினுக்கு,

பிரேமா அக்கா எழுதுகிறேன். நீயும் பிரஜின் அண்ணனும் சுகமாகப் போய்ச் சேர்ந்து, வீடு பிடித்து, குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மசக்கை நின்றதா? விமான நிலையத்துக்குப் போகிற வழியிலேயே காரை நிறுத்தி வாந்தி எடுத்தாய் என்று உன் அம்மா சொன்னார்கள். அயர்லாந்தில் மாங்காய்க்கு எங்கே போவாய்? நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பொட்டலம் அனுப்பலாம் என்று கட்டிக்கூட வைத்தேன். பிறகு அனுப்பவில்லை. சாப்பாட்டுச் சாமானை எந்த நாட்டுக்கு அனுப்பவும் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். எத்தனையோ தடவை அழைத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. புது நாட்டுக்குப் போனவர்கள் எண்ணை மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்துக்குப் போய் உன் அம்மாவிடம் விலாசம் கேட்டேன். காப்பி உடனே வந்தது, பலகாரமும் வந்தது, விலாசம் மட்டும் வர நேரமாயிற்று. கடைசியில் உன் தம்பி எழுதிக் கொடுத்தான்.

என் வீட்டுக்காரர் இல்லாமலே மெஸ் நடக்கிறது. துணிக்கடை வேலையை விட்டுவிட்டு நானே கல்லாவில் உட்காருகிறேன். தோசைக்கல்லில் நிற்கிற சுடலைமாடத்தி அக்காவை உனக்குத் தெரியுமே, அவள்தான் இப்போது அடுக்களைக்கு முழுப் பொறுப்பு. மார்க்கெட்டில் சுமை இறக்குகிறவர்கள் காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலாளி எங்கே என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் பெரிய ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆர்ஷாவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் போய், என்டெ அச்சன் வலிய ஹோட்டலில் குக் என்று மலையாளத்தில் எல்லாரிடமும் பரப்பிவிட்டாள். வீட்டில் அப்பா, வெளியில் அச்சன், அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். அப்பா ஜெயிலில் இருக்கிறார் என்று எந்த பாஷையில் அவளுக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரஜின் அண்ணன் உன்னிடம் எவ்வளவு சொன்னார், எவ்வளவு விட்டார் என்று நான் அறியேன். பிள்ளை உண்டாயிருக்கிறவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்க மாட்டார். அதனால் நீ அறிந்ததையும் அறியாததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். வக்கீலுக்கும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர், பிரஜின் அண்ணன், ஸ்ரீகண்டன் சார், ஒரே பெஞ்சில் படித்த மூன்று பேர். அயர்லாந்துக்குப் போய்விட்டால் இனி எப்போது சேர்ந்து இருக்கப்போகிறோம் என்று பிரஜின் அண்ணன்தான் ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் லீவில் ஜார்ஜியாவுக்குப் போய்ப் பனி பார்ப்பது என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் அதுவரை பார்த்த பெரிய குளிர் மூணாறுக் குளிர்தான். சாலைக் கடைத்தெருவில் குரங்குக் குல்லா வாங்கி, மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டி, வேர்த்து வழிய நின்றார். வலியசாலை ஸ்ரீகண்டன் சாருக்கு அங்கே சைவச் சாப்பாடு கிடைக்காது என்பதால் சமையல் பையை நீ கட்டினாய். சின்னக் குக்கர், அரிசி, புளி, மிளகாய்த்தூள், பட்டை, கிராம்பு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறையக் கசகசா. செல்வகணேஷ் அண்ணன் கசகசா அரைத்து விடாமல் குருமா வைக்க மாட்டார் என்று என் வீட்டுக்காரரைக் கேலி செய்துகொண்டே நீ அதை மாடியில் வெயிலில் உலர்த்தியதை நான் துணி காயப் போட வந்தபோது பார்த்தேன்.

போகும்போதே சனி பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரருடைய பெட்டி வந்து சேரவில்லை. எந்த ஊரில் கிடக்கிறதோ, இன்றுவரை தகவல் இல்லை. ஸ்வெட்டர், குல்லா எல்லாம் அதற்குள். ஸ்ரீகண்டன் சாருடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பாதி வயிறு தெரிய, பனியில் நிற்கிற படம் அனுப்பினார். மலைக்குப் போன வண்டி பனியில் புதைந்து, மூன்று பேரும் இறங்கித் தள்ள, டிரைவர் ஏதோ பாஷையில் திட்டிக்கொண்டே இருந்தான். ஸ்ரீகண்டன் சார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. பிரஜின் அண்ணனுக்குக் காய்ச்சல். இவ்வளவையும் வீடியோவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நீயும் என் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவர்கள் சிரிப்பதைப் பார்த்தபோது ஊர் வரைக்கும் கூடவே வருகிற அளவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றுதான் தோன்றியது.

பெட்டி போனதால் அவர் அங்கே ஒரு மலிவுப் பை வாங்கினார். அதில் போடுவதற்கு அவரிடம் என்ன இருந்தது? இரண்டு சட்டை, ஆர்ஷாவுக்கு ஒரு பொம்மை. திரும்பும் நாளில் பிரஜின் அண்ணனுடைய பெட்டி எடை கூடிவிட்டது. அயர்லாந்துக்கென்று தடித்த கோட்டும் பூட்ஸும் அங்கே வாங்கியிருந்தாரே. கவுண்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, சமையல் சாமான்களை எடுத்து என் வீட்டுக்காரருடைய காலிப் பையில் போட்டார்கள். நம் ஆட்கள் எல்லா விமான நிலையத்திலும் செய்கிற வேலைதான். மிச்சமிருந்த கசகசா அப்படித்தான் அவர் பைக்குள் வந்தது.

பனி பெய்து விமானம் தாமதம். இடையில் மாற வேண்டிய அந்த வளைகுடா ஊருக்கு வந்தபோது திருவனந்தபுரம் விமானம் போய்விட்டது. ஊரின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த விமானம் மறுநாள் என்பதால் ஹோட்டலில் அறை தருவதாகச் சொல்லி, பெட்டிகளையும் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். விமானம் நேரத்துக்கு வந்திருந்தால் அந்தப் பை அவர்கள் கண்ணிலேயே படாமல் இங்கே வந்து இறங்கியிருக்கும். அந்தப் பாட்டில் இந்நேரம் உன் அடுக்களையில் இருந்திருக்கும், அல்லது நீ அயர்லாந்துக்குப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பாய்.

சுங்கத்தில் பையைத் திறந்தார்கள். அதிகாரி பாட்டிலை எடுத்து இது யாருடையது என்று கேட்க, இவர் என்னுடையது என்றார். அதோடு விட்டாரா? தேங்காயோடு சேர்த்து மையாக அரைக்க வேண்டும், கோழிக்கும் சேரும், காய்கறிக்கும் சேரும் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த ஆளுக்குக் குருமா வைக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார். அந்த நாட்டில் கசகசாவைப் போதைப்பொருளோடு சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்கு யார் சொன்னார்கள்? சாலைக் கடைத்தெருவில் அது ஏலக்காய்க்கும் கிராம்புக்கும் நடுவில் சாக்கில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஜெஸ்லின், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீ ஆசையாகக் கட்டிக் கொடுத்தாய். அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது வக்கீல் சொன்னதைச் சொல்கிறேன். அவர் கோழிக்கோட்டுக்காரர், அங்கேயே பல வருடமாக இருக்கிறவர், பொறுமையாகப் பேசுகிறார். அந்தப் பாட்டில் யார் வீட்டிலிருந்து வந்தது, எதற்காகக் கொண்டுபோனது, எப்படிப் பை மாறியது என்று அதற்கு உரியவரே நம் தூதரகத்தில் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் இது சமையல் சாமான்தான் என்று நீதிபதி நம்ப வழி இருக்கிறது, அபராதம் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார். இல்லாவிட்டால் வருடக்கணக்கு ஆகும் என்கிறார். ஸ்ரீகண்டன் சார் தனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் பாட்டில் அவருடையது இல்லை, சோதனை நடந்தபோது ஹோட்டல் பஸ்ஸைத் தேடி முன்னாலேயே வெளியே போய்விட்டவர் அவர். நான் எழுதினாலோ, பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்பார்களாம். மிச்சம் இருப்பது பிரஜின் அண்ணன் மட்டும்தான்.

அயர்லாந்தில் இருந்து எழுதிக் கொடுப்பவரை யாரும் பிடிக்க முடியாது, அந்த ஊர் வழியாக இனிப் பயணம் செய்யாமல் இருந்தால் போதும் என்று வக்கீல் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு வேலை அலைச்சல் இருக்கும். ஒரு தடவை என்னோடு பேசச் சொல், மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

கனமான நோயாளிகளைத் தூக்காதே. வார்டில் வேறு யாரையாவது கூப்பிடு. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் உனக்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
பிரேமா

*

சாலை, திருவனந்தபுரம்
ஏப்ரல் 19

ஜெஸ்லின்,

அன்புள்ள என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. மனதில் இல்லாததைக் காகிதத்தில் வைத்து என்ன பிரயோஜனம்.

என் கடிதம் கிடைத்தது என்று தெரிந்துகொண்டேன். பதில் உன்னிடமிருந்து வரவில்லை, உன் அம்மாவிடமிருந்து போனில் வந்தது. பிள்ளை உண்டாயிருக்கிறவளுக்கு மனசு நோவ வைக்காத மக்ளே, பிரஜினுக்கு இதுல ஒண்ணும் தெரியாதாம், ஒனக்க மாப்பிளயே ஒத்துக்கிட்டு ஒப்பு போட்டாச்சில்லியா என்று சொன்னார்கள். உன் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள்?

ஆமாம், அவர் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. நீயும் தெரிந்துகொள்.

வாரத்தில் ஒரு தடவை அங்கிருந்து பேச விடுகிறார்கள். கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தை அவர் உளுந்து ஊறியதா, சாம்பாரில் காயம் தூக்கலாக இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா, சுடலைமாடத்தி முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டே கரைத்துவிடுவார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. போன வாரம் நான் விடவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாமானை என்னுடையது என்று எதற்குச் சொன்னீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். மறுபடியும் உளுந்துக்கே பேச்சை மாற்றப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது என்று எனக்குப் பதற்றம். பிறகு சொன்னார்.

அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பிடித்ததும் பிரஜினுக்கு முகம் செத்துவிட்டதாம். பின்னால் நின்று இவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எடா, எனக்கு விசா அடிச்சு வச்சிருக்கு, கேஸில பேர் வந்தா எல்லாம் தீர்ந்நு, நீ குக் அல்லே, குக்கோட பேக்ல கசகசா இருந்தா யாரு என்ன கேக்கப் போறா, உன்னோடதுன்னு சொல்லிடு, ஜெஸ்லின் வயித்துல பிள்ளையோட இருக்கா என்று சொன்னாராம்.

இவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. தையல்காரர் பையில் கத்தரிக்கோல் இருந்தால் யார் கேட்பார்கள், அதுபோல என்று நினைத்துவிட்டார். அந்த அதிகாரிக்குக் குருமா வைக்கச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அதற்குத்தான். நான் இத்தனை நாள் அதைப் பெருமை என்று நினைத்து மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனுஷன், சொன்ன பொய்யை நம்ப வைக்கப் பாடுபட்டிருக்கிறார். அரபியில் எழுதிய காகிதத்தை நீட்டியதும், அபராதம் கட்டச் சொல்கிறார்களாக்கும் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அவர் கையில் விலங்கு மாட்டியபோது பிரஜின் அங்கேயேதான் நின்றார். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மறுநாள் விமானம் ஏறி வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதார். எப்படி நடந்ததோ தெரியவில்லை பிரேமா, அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்றே புரியவில்லை என்று என்னிடமே சொன்னார். பசியோடு இருப்பார் என்று நான் தோசை வார்த்துக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒன்று சாப்பிட்டார். அந்தத் தோசை தொண்டையில் எப்படி இறங்கியது என்று ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பார்.

போன மாதம் ஆற்றுகால் பொங்காலைக்குக் கிழக்கேக்கோட்டையில் நம் பழைய இடத்திலேயே அடுப்புக் கூட்டினேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியாக இருந்தாலும் வருடா வருடம் எனக்குச் செங்கல் சுமந்து வந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். இந்தத் தடவை அந்த இடத்தில் வேறொருத்தி. மோளே, பர்த்தாவு எவிடெ என்று என் புருஷனைப் பற்றிக் கேட்டாள். கல்ஃபில் என்றேன். நல்லதாப் போச்சு, இனி உனக்குக் கஷ்டமில்லை என்று சொல்லிவிட்டுத் தன் பானையைப் பார்க்கப் போனாள். என் பானை பொங்கியதா, அடி பிடித்ததா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

பிரஜினை விட்டுவிட்டு உன்னிடம் ஏன் வருகிறேன் என்றால், அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. பயந்து போனவர் காதில் எதுவும் விழாது. உன்னை எனக்குத் தெரியும். ஆர்ஷா பிறக்கும்போது கொடி சுற்றிக்கொண்டு திணறிய அன்றைக்கு, டாக்டர் வந்து சேரும் வரைக்கும் என் கையை விடாமல் நின்றவள் நீ. நீ அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். உன் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. பயப்படாதவர்களிடம் போய் உதவி கேட்பதில் என்ன இருக்கிறது, பயந்துகொண்டே நிற்கத் தெரிந்தவளிடம்தான் கேட்கிறேன்.

நீங்கள் கெட்டுப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதுவும் முழு உண்மை இல்லை. சில நாள் நினைத்திருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைச் சபிக்கிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதே.

விசாரணை ஜூனில். அதற்குள் பிரஜின் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இனிப் பொய்யைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் அழுது சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவர் சொல்லப்போகிற உண்மைக்குச் சாட்சி நிற்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அவர் உன் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் பிரஜினுக்கு வாசித்துக் காட்டு. கிழித்துப் போடுவது என்றால் வாசித்துக் காட்டிய பிறகு கிழி.

பிரேமா

*

சாலை, திருவனந்தபுரம்
ஜூலை 27

அன்புள்ள ஜெஸ்லினுக்கு,

ஆண் பிள்ளை பிறந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஸ்ரீகண்டன் சார் மெஸ்ஸுக்கு வந்து பேஸ்புக்கில் படத்தைக் காட்டினார். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே காட்டினார். மூக்கு உன்னுடையது. நெற்றி அப்படியே அப்பாவுடையது. நல்ல நிறைவான பிள்ளை. உனக்குப் பால் நன்றாக ஊறுகிறதா? அங்கே பிரசவத்துக்கு மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்களாம். நடந்தாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டு நட. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே.

இங்கே தீர்ப்பு வந்துவிட்டது. ஏழு வருடம்.

அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் சொல்லச் சொன்னதால் சொன்னார். பாட்டில் நண்பருடையது என்கிறாயே, அந்த நண்பர் எங்கே என்று நீதிபதி கேட்டாராம். வக்கீல் வாசலையும் காகிதக் கட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றைக்கு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டவன் இன்றைக்கு இல்லை என்கிறான், மாட்டிக்கொண்டதும் சிநேகிதன் மேல் பழி போடுகிறான் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். பொய் சொன்னபோது அவரை நம்பினார்கள், உண்மை சொன்னபோது பொய்யன் என்றார்கள். அவருக்குத் தண்டனையைவிட அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. பிரஜினைக் காட்டிக் கொடுத்தவன் ஆகிவிட்டேனே என்று என்னிடம் அழுதார். பாரேன், யார் யாருக்காக அழுகிறார் என்று.

ஆர்ஷாவிடம் சொல்லிவிட்டேன். ஏழு வருடத்துக்கு ஹோட்டல் கதை ஓடாது. அவள் அழவில்லை. அப்பா கட்டாரா என்று கேட்டாள், திருடினாரா என்பதை அவள் அப்படித்தான் கேட்பாள். இல்லை என்றேன். பின்னே எதுக்கு என்றாள். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் சொல்லவில்லை. உங்கள் கல்யாணப் படத்தில் பிரஜின் மாமன் மடியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படத்தை இன்னும் சுவரில் இருந்து எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று கேட்பாள். இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் அவள் யாரோடும் பேசுவதில்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்.

தூதரகத்திலிருந்து ஒருவர் போய் அவரைப் பார்த்தாராம். ரொம்ப இளைத்துவிட்டார், பல் ஒன்று விழுந்திருக்கிறது, கேட்டால் தானாக விழுந்தது என்கிறார் என்று சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

உனக்குப் பிள்ளை பிறந்ததை அவரிடம் சொன்னேன். நீ நம்புவாயோ என்னவோ, சந்தோஷப்பட்டார். ஒரு நிமிஷம் பழைய குரல் வந்தது. சுகப்பிரசவமா, பிள்ளை என்ன எடை என்று கேட்டார். பிறகு, இனி அவங்களை ஒண்ணும் கேக்காத பிரேமா, பிள்ளைக்காரங்க, நிம்மதியா இருக்கட்டும், விட்டுடு என்றார். நானும் பிள்ளைக்காரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் லைன் போய்விட்டது.

அதனால் இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேச்சை நான் மீறிய காரியங்களில் இதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் சில வாரம் வாசல் திறந்திருக்கிறது. வக்கீலிடம் இனி என்ன சொல்வது என்று கேட்டேன். சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை, அந்தக் காகிதம் வந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். நானும் களைத்துப் போய்விட்டேன், ஜெஸ்லின். திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

உன் மகனுக்கு என் ஆசீர்வாதம். மனதாரத்தான் எழுதுகிறேன், பச்சைப் பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம். நோய் நொடி இல்லாமல் வளரட்டும். அவன் அழுகிறபோது தூக்க அப்பா வீட்டில் இருக்கட்டும். காய்ச்சலில் அனத்துகிறபோது மருந்து வாங்க ஓட அப்பா இருக்கட்டும். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக அப்பா இருக்கட்டும். ஏழு வயது ஆகிற வரைக்கும் ஒரு நாள்கூட அந்தப் பிள்ளை அப்பா எங்கே என்று கேட்க வேண்டி வராமல் இருக்கட்டும்.

நம் தூதரகம் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான் என்று ஸ்ரீகண்டன் சார் பார்த்துச் சொன்னார். பிரஜின் அண்ணனை ஒரு நாள் அனுப்பு. பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனம் வராது, எனக்குத் தெரியும். தூக்கிக்கொண்டே போகட்டும். கையெழுத்துப் போட ஒரு கை போதும்.

உன் அக்கா,
பிரேமா